டெலோமியர் கேள்வியில் மைனஸ் வாங்கிய கதை

சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்ஸ் தேர்வுக்குப் படித்தபோது ஒரு மாடல் டெஸ்டில் வந்த கேள்வி: டெலோமரேஸ் வேலை செய்யும் மனித செல்லில் டிஆர்எஃப்1 புரதம் அளவுக்கு மீறி உண்டானால் டெலோமியர் என்ன ஆகும்? டெலோமியர் என்பது குரோமோசோமின் முனை, டெலோமரேஸ் அதை நீட்டும் என்சைம். "நீளும்" என்று யோசிக்காமல் டிக் அடித்தேன். குரோமோசோம் முனையைக் காக்கும் ஷெல்டரின் என்ற ஆறு புரதக் கூட்டத்தில் டிஆர்எஃப்1-உம் ஒன்று. காவல் கூடினால் நல்லதுதானே! விடை, குறையும். யோசித்து விடை சொல்ல வேண்டிய பார்ட் சி கேள்வி ஆச்சே, 4 மதிப்பெண் வராததோடு 1 மதிப்பெண் கழிந்தும் போனது.

என்னிடம் இருந்ததெல்லாம் பெயர்கள்தான். டெலோமியரில் திரும்பத் திரும்ப வரும் டிடிஏஜிஜிஜி, இந்த ஆய்வுக்கான 2009 நோபல், அதை வாங்கிய பிளாக்பர்ன், கிரைடர், ஷோஸ்டாக். நேரடிக் கேள்விகள் வரும் பார்ட் பி-க்கு அது ஓரளவு ஓடும்.

அப்போது பகலெல்லாம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில்தான் இருப்பேன். ஒரு மாலை ஸ்டாப்பில் நிற்கிறேன். படியில் ஆள் தொங்க வந்த பஸ் நிற்காமல் போனது. பின்னாலேயே காலியாக வந்தது நின்று ஏற்றிக்கொண்டது. சட்டென்று பிடிபட்டது. டெலோமியர் நீளமாக இருந்தால் டிஆர்எஃப்1 உட்கார இடம் அதிகம். அந்தக் கூட்டத்தின் சேதி பாட்1 என்ற இன்னொரு ஷெல்டரின் புரதம் வழியாக நுனிக்குப் போய் டெலோமரேஸைத் தடுக்கும். செல் நீளத்தை அளப்பதில்லை, தலையை எண்ணுகிறது. டிஆர்எஃப்1-ஐ வெளியிலிருந்து கொட்டினால் குட்டையான டெலோமியரும் நிரம்பிய பஸ் மாதிரி தெரியும். ஒவ்வொரு பிரிவிலும் நுனி தேயும், தேய்ந்ததை நிரப்ப ஆள் வராது.

ஆனால் இந்த டிரைவர் அவ்வளவு கறார் இல்லை, நிரம்பியிருந்தாலும் சில நேரம் ஏற்றிக்கொள்வார். ஈஸ்டில் எண்ணப்படும் புரதம் ராப்1. அங்கே 300 நியூக்ளியோடைடு நீள டெலோமியர் ஒரு செல் சுழற்சியில் நீட்டப்படும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கும் கீழே. 100 ஆகக் குறைந்தால் பத்தில் நான்குக்கு மேல். "தடை" என்று வரும் இடத்தில் "வாய்ப்பு குறையும்" என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆப்ஷன்களில் மாட்டுவது இங்கேதான்.

இன்னொரு பொறி டிபிபி1. அதுவும் ஷெல்டரின்தான், ஆனால் டெலோமரேஸைக் கூப்பிட்டு உட்காரவைப்பதே அதுதான். என் நோட்டைப் பார்த்த சீனியர் அக்கா, "பேரை மட்டும் எழுதாதடி, அம்பு போடு" என்றார். தூண்டுவதற்கு அம்பு, தடுப்பதற்கு முனையில் குறுக்குக்கோடு. ஆறு புரதத்துக்கும் அப்படி ஒரே பக்கத்தில் வரைந்த பிறகு, எதை நீக்கினாலும் எதைக் கூட்டினாலும் விரல் வைத்து விடை சொல்ல முடிந்தது.

டெலோமரேஸ் இல்லாமலே சில புற்றுநோய் செல்கள் டெலோமியரை நீட்டும் ஏஎல்டி வழியை முதல் சுற்றில் விட்டுவிடுங்கள். அது ரீகாம்பினேஷனால் நடப்பது, அந்தப் பாடம் முடித்த அப்புறம் படித்தால் அரை மணி நேர வேலை.