இருமலே இல்லாதவங்க வீட்டுக்கும் எதுக்கு போகணும்?

டிபி, அதாவது காசநோய கண்டுபிடிக்கிறதுன்னா நமக்கு தெரிஞ்சது ஒரே வழிதான், ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலமானா காய்ச்சல், எடை குறையுது, அவரே ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வர்றாரு, சளி டெஸ்ட் எடுத்து மாத்திரை குடுத்து அனுப்புறாங்க. பல நாடுகள்ல பல வருஷமா திட்டமே இத நம்பித்தான் ஓடிச்சு. ஆனா ஊர்ல எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்து பாத்த சர்வேக்கள்ல டிபி இருக்குன்னு சிக்கினவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு சொல்லிக்கிற மாதிரி இருமல் எதுவும் இல்ல! அவங்க எந்த ஓபி க்யூலயும் வந்து நிக்க மாட்டாங்க, நாமதான் தேடிப் போகணும்.

தேடிப் போனா பலன் இருக்கான்னு கேட்டா, இருக்கு. வியட்நாம்ல காமாவ் மாகாணத்துல மூணு வருஷம், வருஷத்துக்கு ஒரு தடவ வீடு வீடா போயி, உனக்கு இருமல் இருக்கா இல்லையான்னு பாக்காம பெரியவங்க எல்லார்கிட்டயும் சளி கேட்டு வாங்கி டெஸ்ட் பண்ணாங்க. நாலாவது வருஷம் பாத்தா, இப்படி தேடாத இடங்கள விட அங்க டிபி 44 சதவீதம் கம்மி (ரிசல்ட் 2019ல வந்துச்சு). அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1957ல கிளாஸ்கோ நகரத்துல அஞ்சே வாரத்துல 7 லட்சம் பேருக்கு மேல நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருக்காங்க, வர்றவங்களுக்கு பரிசுக் குலுக்கல் எல்லாம் வெச்சு கூப்பிட்டாங்களாம். கொஞ்சம் சிரிப்பா இருந்தாலும், நோட்டீஸ் ஒட்டிட்டு உக்காந்திருக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

சளி வாங்குறதே ஒரு பெரிய வேலைங்க. டப்பாவ நீட்டினா நிறைய பேர் எச்சில துப்பி குடுத்துடுவாங்க, அதுல கிருமி இல்லன்னு ரிசல்ட் வந்தா அதுக்கு என்ன அர்த்தம்? காலைல எழுந்ததும் வாய கொப்பளிச்சுட்டு, மூச்ச நல்லா இழுத்து, அடிநெஞ்சுலேர்ந்து இருமி எடுக்கணும், அதுவும் வீட்டுக்குள்ள இல்லாம வெளிய காத்தோட்டமான எடத்துல. இத ஒருத்தர் பக்கத்துல நின்னு பொறுமையா சொல்லிக் குடுத்தா டெஸ்ட்டோட தரமே மாறிடும். சின்ன குழந்தைகளுக்கு சளிய துப்பவே தெரியாது, முழுங்கிடுவாங்க, அதனால இப்ப மலத்த வெச்சு பண்ற டெஸ்ட் கூட வந்துடுச்சு.

என்னைக் கேட்டா, ஒருத்தருக்கு டிபின்னு தெரிஞ்ச பின்னாடி அவங்க வீட்ல இருக்கவங்கள என்ன பண்றோம்ங்கறதுதான் இதுல ரொம்ப முக்கியம், அதுலதான் கோட்டையும் விடுறோம். உலக ஜனத்தொகையில சுமார் கால்வாசி பேருக்கு இந்த கிருமி தொத்தியிருக்கும்னு கணக்கு, அதுல 5லேர்ந்து 10 சதவீதம் பேருக்குத்தான் என்னிக்காவது நோயா மாறும், மத்தவங்களுக்கு கிருமி தூங்கிட்டே கெடக்கும். யாருக்கு முழிச்சுக்கும்னு முன்கூட்டி சொல்ல முடியாது, ஆனா அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க, எச்ஐவி இருக்கவங்க, இவங்களுக்கு ஆபத்து ஜாஸ்தி. அதனால வீட்ல எல்லாருக்கும் இப்ப நோய் இல்லன்னு நல்லா பாத்து உறுதி பண்ணிட்டு தடுப்பு மாத்திரை குடுப்பாங்க. முன்னெல்லாம் ஆறு மாசம் தினமும் ஐசோனியாசிட்ங்கற மாத்திரை, இப்ப வாரத்துக்கு ஒரு தடவன்னு 12 வாரத்துல முடியுற மருந்தும் இருக்கு.

ஆனா நல்லா நடமாடிட்டு இருக்கவர்கிட்ட போய் மாத்திரை சாப்பிடுங்கன்னா, எனக்குத்தான் ஒண்ணுமில்லையேன்னுதான் கேப்பாரு, நியாயமான கேள்விதானே? அதுக்கு மேல அந்த வாரமாத்திரையில மூத்திரம் செவப்பா போகும், முன்கூட்டி சொல்லலன்னா பயந்துபோய் அடுத்த வாரமே நிறுத்திடுவாங்க. இதெல்லாம் உக்காந்து பேச பத்து நிமிஷம் வேணும், டார்கெட் தலைக்கு மேல இருக்க பணியாளருக்கு அந்த பத்து நிமிஷம் எங்க கிடைக்கும்!

இது போக, நோயாளிக்கு தட்ட தனியா வைக்கிறது, டம்ளர தனியா வைக்கிறதுன்னு வீட்ல ஒரு பழக்கம் வேற இருக்கு. இது காத்துல பரவுற நோய், தட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. 1956ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச ஆராய்ச்சியில பாதிப்பேர சானடோரியத்துல (டிபிக்குன்னே இருக்க ஆஸ்பத்திரி) வெச்சும் பாதிப்பேர வீட்லயே வெச்சும் வைத்தியம் பாத்தாங்க, வீட்ல இருந்தவங்களோட குடும்பத்துக்கு அதனால கூடுதலா ஒண்ணும் பரவல. நோய் தெரியறதுக்கு முன்னாடியே பரவ வேண்டியது பரவிடுது, சரியான மருந்து ஆரம்பிச்சா பரவுறது சீக்கிரமே கொறஞ்சுடும். அத்தன வருஷம் கழிச்சும் தட்டு தனியாத்தான் இருக்கு.

ஜார்க்கண்ட்ல பண்ண ஒரு ஆய்வு எனக்கு ரொம்ப புடிச்சது, 2023ல வந்துச்சு. நோயாளி வீட்ல இருக்கவங்களுக்கு மாசாமாசம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் குடுத்தாங்க, அவங்களுக்கு புதுசா டிபி வர்றது 39 சதவீதம் கொறஞ்சுது. மருந்து இல்ல, சாப்பாடு!

இன்னொண்ணு, கிருமி தொத்தின முதல் ரெண்டு வருஷத்துலதான் அது நோயா மாற வாய்ப்பு அதிகம். அப்ப நோய் தெரிஞ்ச அன்னிக்கு ஒரு தடவ வீட்டுக்குப் போய் பேர் எழுதிட்டு வந்தா போதாது, ஆறு மாசம் கழிச்சும் போகணும், அதுக்கப்புறமும் போகணும். முதல் தடவ போனதத்தான் எல்லாரும் ரிப்போர்ட்ல எழுதுறாங்க, மூணாவது தடவ யாரு போனாங்கன்னு கேட்டுப் பாருங்க.