தேர் போன மறுநாள் கோடு போடுங்கள்

திருநெல்வேலி டவுனில் ரத வீதிகள் எவ்வளவு அகலம் என்பதை வருசத்தில் ஒரு நாள்தான் கண்ணால் பார்க்க முடியும். அது ஆனித் தேரோட்டத்தன்று. கடை முன்னால் நீட்டிய தகரச் சாய்ப்புகள் கழன்றிருக்கும், போர்டுகள் உள்ளே போயிருக்கும். நெல்லையப்பர் தேர் முக்குத் திரும்பும்போது சக்கரத்தடியில் சறுக்குக்கட்டை போடுகிறவர்கள் நின்று வேலை பார்க்கவும் ஒதுங்கவும் இடம் வேண்டும். அந்த இடம் அன்றைக்கு எப்படியோ கிடைத்துவிடுகிறது. தேர் நிலைக்கு வந்த சில நாளில் சாய்ப்பு திரும்பவும் முளைக்கும், வீதி சுருங்கிவிடும்.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 2017இல் திருநெல்வேலி தேர்வான பிறகு போஸ் மார்க்கெட், ஜங்ஷன் பேருந்து நிலையம் என்று பெரிய கட்டடங்கள் புதிதாக எழுந்தன. அவை வேண்டியவைதான். ஆனால் கடைத்தெரு பிழைக்கிறதா, நொடிக்கிறதா என்பது கடை வாசலுக்கு முன்னால் உள்ள ஆறடியில் இருக்கிறது. கைப்பிள்ளையோடு வரும் ஒரு பெண் அந்த ஆறடியில் நிம்மதியாக நடக்க முடியாவிட்டால், அடுத்த முறை பைபாஸ் பக்கம் வண்டி நிறுத்த வசதியான கடைக்குப் போய்விடுவார்.

அந்த ஆறடி ஏன் கெட்டது? ஆக்கிரமிப்பு என்று கடைக்காரரை மட்டும் திட்டுவது பாதி உண்மை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டால் ஒவ்வொரு தடவையும் நாலு சென்டிமீட்டராவது ஏறும். ஐந்து தடவையில் இருபது சென்டிமீட்டர். கடைக்குள் மழைத்தண்ணீர் வருகிறது. கடைக்காரர் தளத்தை உயர்த்துகிறார், அதற்கு வெளியே படி கட்டுகிறார், படி வாறுகால் (சாக்கடை) மேல் உட்காருகிறது. படிக்குக் கீழே மம்பட்டி போகாது, மண் சேர்கிறது, அடுத்த மழைக்குத் தண்ணீர் ரோட்டில் நிற்கிறது. அதைச் சரிசெய்ய மறுபடி ரோட்டை உயர்த்துகிறார்கள்! பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சொன்னது. ரத வீதியில் ஒரு சென்டிமீட்டர்கூட விட்டுக்கொடுக்கக் கூடாத விதி இது.

அடுத்தது வாறுகால் சிலாப்பு. சின்ன விசயம், ஆனால் எல்லாம் இதில்தான் கெடுகிறது. ஒரு மீட்டர் நீளம், அறுபது சென்டிமீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் கனத்தில் போட்ட காங்கிரீட் சிலாப்பு ஏறக்குறைய 150 கிலோ. இரண்டு பேரால் தூக்க முடியாது. தூக்க முடியாததை யாரும் தூக்க மாட்டார்கள். அதையே 60 × 45 × 7.5 சென்டிமீட்டர் அளவில் கம்பி கட்டி வார்த்தால் 50 கிலோதான். இரண்டு பக்கமும் கொக்கி வைத்தால் இருவர் கம்பி மாட்டித் தூக்கிவிடலாம். வாறுகாலின் உள் அகலம் 45 என்றால் இரு சுவரிலும் ஏழரை சென்டிமீட்டர் உட்காரும். சிலாப்பு மேல் டைல்ஸ் ஒட்டவோ, இடுக்கைச் சிமெண்டால் பூசவோ யாரையும் விடக் கூடாது. இதன் மேல் கார் ஏறக் கூடாது. கார் ஏறும் சந்து வாசலுக்கு மட்டும் கனமான சிலாப்பு.

வாறுகாலின் வாட்டம் 200க்கு 1 இருந்தால் நல்லது, அதாவது ஐம்பது மீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இறக்கம். கண்மதிப்பில் விடாமல் டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்க வேண்டும். அள்ளிய சகதியை அன்றைக்கே வண்டியில் ஏற்ற வேண்டும். கரையில் காயவிட்டால் ஒரு தூறலில் பாதி உள்ளே போய்விடும். ஹோட்டல், மிட்டாய்க் கடைகளில் பாத்திரம் கழுவும் தண்ணீரில் வரும் நெய்யும் எண்ணெயும் குழாயில் உறைந்து கல்லாகிவிடும். வெளியே விடுமுன் இரண்டு அறைத் தொட்டி கட்டி, மிதக்கும் பிசுக்கை வாரம் ஒருமுறை எடுத்தாலே அடைப்பு வெகுவாகக் குறையும்.

வாறுகால் சரியானால் அதன் மேலும் அதை ஒட்டியும் நடைபாதை வந்துவிடும். தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர், ரோட்டிலிருந்து உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகாமல் என்கிறது ரோட்டு அளவுகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் வழிகாட்டுதல். இதை அளந்து கோடு போடவும் கல் நடவும் சரியான நாள் தேரோட்டத்துக்கு மறுநாள். அன்று வீதி காலி. கடைக்காரர்களும் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

பூவும் பனங்கிழங்கும் விற்கிற பெண்களை விரட்டி நடைபாதை உண்டாக்குவது அநியாயம், சட்டத்துக்கும் விரோதம். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை யாரையும் எழுப்ப முடியாது. இடம் ஒதுக்கும் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும். ஜனங்கள் நடந்துபோகும் வழியில் இடம் கொடுங்கள். பின்சந்தில் கொடுத்தால் ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கே வருவார்கள், வேறு வழி கிடையாது.

வண்டி விசயத்தில் ஒன்றே ஒன்று. ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்தாறு பைக் நிற்கும். ஆனால் காலையில் வந்து ராத்திரிவரை கடை வாசலை அடைத்து நிற்பது பெரும்பாலும் முதலாளி, வேலையாட்களின் பைக்குகள்தான். அவற்றுக்குத் தள்ளி ஓரிடம் பிடித்துக் கொடுத்தால், அரைமணி நேரம் நிறுத்தும் வாடிக்கையாளர் இருபது பேருக்கு அந்த ஒரே இடம் போதும்.

கீழே கடை நன்றாக ஓடினாலும் மேலே பார்த்தால் மனசு கஷ்டப்படும். வீட்டுக்காரர்கள் பெருமாள்புரம், கே.டி.சி. நகர் என்று டவுனுக்கு வெளியே போய்விட்டார்கள். மாடி காலி, இல்லாவிட்டால் குடோன். மாடிப்படி இருந்த மூன்றடியையும் கடையோடு சேர்த்து வாடகைக்கு விட்டதுதான் முதல் தவறு. தெருவிலிருந்து தனிப்படி இல்லாத மாடிக்கு ஆடிட்டரோ டியூஷன் வாத்தியாரோ குடிவர மாட்டார்கள். தேக்கு உத்தரத்தில் செங்கல் அடுக்கிய பழைய மட்டப்பாத் தளத்தில் மூட்டை அடுக்கினால் உத்தரம் தொய்யும். ஒழுகும் இடத்தில் சிமெண்ட் பூசுவதும் ஆகாது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளே பூட்டிவைக்கும், உத்தர முனை சுவருக்குள்ளேயே உளுத்துப்போகும். நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு என்று கலந்து பூச வேண்டும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை ஒடித்தால் வேர் தடிக்கும். அந்த நாலு செங்கலையும் பிரித்து வேரோடு எடுக்க வேண்டும்.

தேருக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவில் மூன்று மாதம் இருக்கிறது. நாலு வீதியையும் ஒரே நேரத்தில் தோண்டினால் தீபாவளி யாவாரம் போய்விடும். ஒரு பக்கம் மட்டும், ஐம்பது ஐம்பது மீட்டராக, முன்கூட்டியே வார்த்து இறுகிய வாறுகால் துண்டுகளைக் கொண்டுவந்து இறக்கினால், வாசலில் காங்கிரீட் இறுகக் காத்திருக்க வேண்டாம். தோண்டிய அன்றே ஒவ்வொரு கடைக்கும் குறுக்கே ஒரு பலகைப் பாலம் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.