சம்பளச் சிட்டையின் பின்புறம்

இன்று 10ஆம் திகதி. ஹட்டன் பஸ் தரிப்பிடத்தில் எங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவர், சம்பளச் சிட்டையைத் திருப்பி மடியில் வைத்து, பென்சிலால் குதிரை இலக்கங்களைக் குறித்துக்கொண்டிருந்தார்.

முன்பக்கத்தில் கழிவுகள் போக மிஞ்சிய தொகை. பின்பக்கத்தில் மூன்று இலக்கங்கள், அவற்றில் 7ஐச் சுற்றி மட்டும் தாள் கிழியுமளவுக்கு வட்டத்தின் மேல் வட்டம்.

"போன மாசம் விட்டத மட்டும் பிடிச்சிட்டா நிறுத்திருவேன் தம்பி."

விட்டதைப் பிடிக்க ஓடும் இந்த ஓட்டம்தான் சூதாட்ட நோயின் முக்கிய அடையாளங்களுள் ஒன்று.

ஏப்ரலில் நுவரெலியாப் பந்தயத்துக்குப் போய், ஒதுக்கிய காசு தீர்ந்ததும் எழுந்து வருபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அரிசிக் காசில் கை வைத்துவிட்டவரை 'உருப்படாதவன்' என்று லயக் குடியிருப்பே ஏசினாலும் (நானும் ஏசியிருக்கிறேன்), உலக சுகாதார ஸ்தாபனம் அதைச் சிகிச்சைக்குரிய நோய்களின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைத்துப் பேசலாம் என்றேன்.

"அங்கொடையா? எனக்கென்ன பைத்தியமா?"

பஸ் வந்தது. சிட்டையை மடிக்கும் முன், 7க்குக் கீழே 1926 என்று எழுதிக்கொண்டார்.

அழைப்பதற்கா, பந்தயம் கட்டுவதற்கா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.