வாசலைப் பார்த்துத் திரும்பிய மாலை

இஸ்ரேலில் கலிலேயா கடலோரத்தில் உள்ள திபேரியாவிலிருந்து வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். அந்தக் கரை கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. நாங்கள் போக வேண்டிய சஃபேத் 900 மீட்டர் உயரத்தில். ஒரு மணி நேரத்துக்குள் அவ்வளவும் ஏறியதில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. இறங்கியதும் குளிர்காற்று. குழுவில் 32 பேரும் பைக்குள் சால்வையைத் தேடினோம்.

எங்கள் வேதாகமத்தில் சஃபேத் என்ற பெயர் வருவதில்லை. "அப்புறம் எதற்கு அங்கே போக வேண்டும்?" என்று பஸ்ஸிலேயே சிலர் கேட்டார்கள். மலைமேல் இருக்கிற பட்டணம் என்று இயேசு சொன்னது இந்த ஊரைக் காட்டித்தான் என்று நம்புகிறவர்கள் உண்டு என்றார் வழிகாட்டி. யூதர்களுக்கோ எருசலேம், எபிரோன், திபேரியாவோடு இது நான்காவது புனித நகரம்.

1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்ட பிறகு, அடுத்த நூற்றாண்டில் அந்த வம்சத்தார் பலர் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். யூத வாழ்க்கைமுறைக்கு இன்றுவரை சட்டநூலாக இருக்கும் ‘ஷுல்ஹான் ஆருக்’கைத் தொகுத்த ரபி (யூத மதகுரு) யோசேப் காரோ வாழ்ந்தது இங்கேதான். ஆனால் எங்கே திரும்பினாலும் காதில் விழுகிற பெயர் ‘ஆரி’. சிங்கம் என்று அர்த்தம். கப்பாலா என்கிற யூத மறைஞானத்தின் பெரிய குரு ரபி ஐசக் லூரியாவைத்தான் அப்படி அழைக்கிறார்கள். அவர் 1570இல் வந்தார், 1572இல் கொள்ளைநோயில் இறந்துபோனார். வயது 38. தன் கைப்பட எழுதியதும் மிகக் கொஞ்சம். மற்றதெல்லாம் சீடர்கள் கேட்டு எழுதி வைத்தது. இரண்டே வருஷம் போதித்த ஒருவரின் வார்த்தைகள் 450 வருஷமாக ஓதப்படுகின்றன. இதைக் கேட்டபோது எங்கள் குழுவில் பேச்சு நின்றுவிட்டது.

அவருடைய கல்லறை மலைச்சரிவில் இருக்கிறது. படிகள் அதிகம். மூட்டுவலிக்கார அம்மா ஒருவர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டு, "நீங்க போங்க, நான் மெதுவா வரேன்" என்றார். வந்தும் சேர்ந்தார். கல்லறைகளுக்கு வான நீலம் பூசியிருக்கிறார்கள். ஊருக்குள் கதவுகளிலும் அதே நீலம்தான். பார்க்கிறவர் பரலோகத்தை நினைக்கட்டும் என்பதற்காகவாம். இங்கே யாரும் பூ வைப்பதில்லை, சின்னக் கல் ஒன்றை வைத்துவிட்டுப் போகிறார்கள். நானும் ஒரு கல் வைத்தேன்.

கடைத்தெருவில் பாலாடைக்கட்டி, மெழுகுவர்த்தி வாங்கத்தான் நேரமிருந்தது. மத்தியானம் தாண்டியதுமே, வெள்ளி சாயங்காலம் தொடங்கும் யூத ஓய்வுநாளுக்காகக் கடைகளை அடைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஓவியர்கள் குடியிருப்பில் ஒரு பழைய மசூதி இப்போது கலைக்கூடமாக இருக்கிறது. இஸ்ரேல் உருவான 1948 போரில் இந்த ஊரின் அரபு மக்கள் வீடு வாசலை விட்டுப் போனார்கள். அதையும் தெரிந்துகொண்டுதான் இந்தத் தெருக்களில் நடக்க வேண்டும் என்று தோன்றியது.

சாயங்காலம் ஆரியின் பெயரிலுள்ள அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி யூதர்களின்) ஜெப ஆலயம். 1837 நிலநடுக்கத்தில் இடிந்து, பிறகு திரும்பக் கட்டியது. 1948இல் வெளியே குண்டு வெடித்து ஒரு சிதறல் உள்ளே பாய்ந்ததாம். அந்த நேரம் எல்லோரும் குனிந்து ஜெபித்துக்கொண்டிருந்ததால் ஒருவருக்கும் காயமில்லை என்கிறார்கள். நடுமேடையில் அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. ஜெபத்தைச் சீட்டில் எழுதி அதற்குள் செருகுகிறார்கள்.

தடுப்புக்குப் பின்னால் பெண்களோடு நின்றேன். ஆராதனை 95ஆம் சங்கீதத்தில் தொடங்கும் என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தார். சி.எஸ்.ஐ. ஆலயத்தின் காலை ஆராதனையில் சின்ன வயதிலிருந்து நான் பாடிய சங்கீதம் அது. எபிரேயம் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் அவர்கள் பாடப் பாட, மனதுக்குள் தமிழில் கூடவே சொல்லிக்கொண்டு வந்தேன். கண் கலங்கிவிட்டது.

அப்புறம் ‘லெகா தோதி’. "வா, என் நேசரே" என்று அர்த்தம். ஓய்வுநாளை மணவாட்டியாக வரவேற்கும் பாட்டு. இந்த ஊரில் வாழ்ந்த ரபி ஸ்லோமோ அல்கபெட்ஸ் 16ஆம் நூற்றாண்டில் எழுதியது. அந்தக் காலத்தில் ஆரியும் சீடர்களும் வெள்ளை உடுத்தி, ஊருக்கு வெளியே வயலுக்கே போய் அவளை எதிர்கொள்வார்களாம். கடைசிச் சரணம் வந்ததும் அத்தனை பேரும் வாசலைப் பார்த்துத் திரும்பித் தலை வணங்கினார்கள். நானும் திரும்பினேன். திறந்த கதவு, வெளியே மங்குகிற வெளிச்சம். யாரோ வந்துகொண்டிருக்கிற மாதிரியே இருந்தது.

பக்கத்திலிருந்த பாட்டி என் கையைப் பிடித்து "ஷபாத் ஷாலோம்" என்று ஓய்வுநாள் வாழ்த்துச் சொன்னார். எனக்குத் தெரிந்ததும் அதுதான், திருப்பிச் சொன்னேன். பஸ் மேலே நின்றது. படியேறும்போது யாரும் போனை எடுக்கவில்லை. ஜன்னல்களுக்குள் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன.