காயிதப் பையன் காவேரிப்பட்டினம் போனான், காயிதப் பொண்ணு எங்க வீட்டுக்கு வந்தா

வீடியோ கால்ல முகம் தெரியும், ஊர் தெரியாது. எங்கம்மா போனை பிடிச்சாங்கன்னா பாதி நெத்தியும் மேல சுத்தற ஃபேனும் தான் தெரியும், அப்பா வந்தா அதுவும் இல்ல, காதுல வச்சு பேசுவார். நாங்க இருக்கறது கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல லண்டன்னு ஒரு ஊரு (இங்கிலாந்து லண்டன் இல்லங்க, இதுவும் லண்டன் தான், இங்க ஓடற ஆத்துக்கும் தேம்ஸ்னு தான் பேரு வச்சிருக்காங்க). கிருஷ்ணகிரிலேர்ந்து கிளம்பறப்ப பையனுக்கு மூணு வயசு, அதனால அவனுக்கு தாத்தா ஆயான்னா செல்லுக்குள்ள பேசறவங்க, அவ்ளோ தான். காவேரிப்பட்டினம் பக்கத்துல எங்க ஊரு, வீட்டுக்கு பின்னாடியே மாந்தோப்பு, கொஞ்சம் தள்ளி தென்பெண்ணை ஆறுன்னு நான் எவ்ளோ சொன்னாலும் அவன் மண்டைல ஏறல, பாக்காத ஊரு எப்படி ஏறும் சொல்லுங்க.

எங்களுக்கும் இந்த ஊரு அப்படித்தான் இருந்தது. வேலை, இந்தியன் கடை, பேஸ்மென்ட் வீடு, திரும்ப வேலை. குளிர்காலத்துல சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டிடும், அதுக்கப்புறம் எங்க போறது. பக்கத்துல என்ன பார்க் இருக்கு, என்ன கட்டடம் இருக்குன்னு தெரியாமயே வருஷம் ஓடிடுச்சு.

பையன் ரெண்டாவது படிக்கறப்ப ஸ்கூல்ல ஒரு காயித பொம்மை செஞ்சு கவர்ல போட்டு குடுத்து விட்டாங்க, தூரத்துல இருக்கற சொந்தக்காரங்களுக்கு இதை தபால்ல அனுப்புங்க, அவங்க இதை விருந்தாளியா வச்சுகிட்டு ஊர் சுத்தி காட்டி போட்டோ எடுத்து, என்னென்ன பாத்தான்னு எழுதி திருப்பி அனுப்பணும்னு ஒரு லெட்டரும் கூட இருந்தது. இதுக்கு மூலம் 1964ல ஜெஃப் பிரவுன்னு ஒரு அமெரிக்கர் எழுதின குழந்தைங்க கதை. ஸ்டான்லினு ஒரு பையன், தூங்கறப்ப சுவத்துல மாட்டின பெரிய போர்டு அவன் மேல விழுந்து தட்டையாயிடறான், வேற ஒண்ணும் ஆகல, தட்டையா இருக்கறதால கதவு சந்துல எல்லாம் நுழையறான், அவங்கப்பா அம்மா அவனை கவர்ல போட்டு ஸ்டாம்ப் ஒட்டி கலிஃபோர்னியாவுல இருக்கற ஃப்ரெண்ட் வீட்டுக்கு அனுப்பிடறாங்க. இந்த கதையை வச்சு 1995ல டேல் ஹூபர்ட்னு ஒரு மூணாம் வகுப்பு வாத்தியார் பசங்களுக்கு எழுதற பழக்கம் வரணும்னு இந்த பொம்மை அனுப்பற வேலையை ஆரம்பிச்சார், அவர் வாத்தியாரா இருந்தது எங்க லண்டன்ல தாங்க. இன்னிக்கு எத்தனையோ நாட்டுல ஸ்கூல் பசங்க பண்றாங்க, ஆரம்பிச்ச இடம் நாங்க பால் வாங்க போற ஊருன்னு தெரிஞ்சப்ப எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தது.

எங்க பையன் அவனோட ஸ்டான்லிக்கு ஸ்நோ ஜாக்கெட், கம்பளி தொப்பி, பூட்ஸ் எல்லாம் வரைஞ்சு கலர் அடிச்சான். கவர் போய் சேர்றதுக்குள்ள ஊர்ல மே மாசம். அம்மா பிரிச்சு பாத்துட்டு, "ஏன்டி, இந்த வெயில்ல புள்ளைய இப்படி மூடி அனுப்பி இருக்கீங்களே"ன்னு கேட்டாங்க, அடுத்த நாளே அப்பாவோட பழைய வேட்டில ஒரு துண்டு கிழிச்சு பசை தடவி அவனுக்கு இடுப்புல ஒட்டிட்டாங்க. அப்பா பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடைல லேமினேஷன் போட்டுகிட்டு வந்தார், தோப்புல ஈரம் பட்டா வீணா போயிடும்னு.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்குமான்னு எனக்கு சந்தேகம் தான், பேச்சு கம்மியான மனுஷன். ஆனா மே கடைசின்னா எங்க பக்கம் மாங்கா சீசன், அவர் தினமும் போற இடத்துக்கெல்லாம் ஸ்டான்லியை சட்டை பாக்கெட்ல வச்சுகிட்டு போயிருக்கார், அக்கா பையன் கூட போய் போட்டோ எடுத்திருக்கான். கிளையில தொங்கற பெங்களூரா மாங்கா பக்கத்துல ஸ்டான்லி (கிளிமூக்குன்னும் சொல்லுவோம், நுனி வளைஞ்சு இருக்கும்), மாங்கா கூடை மேல ஸ்டான்லி, மண்டில எடை போடறப்ப ஸ்டான்லி, கூழ் ஃபேக்டரி கேட்டுக்கு வெளிய வரிசையா நிக்கற டிராக்டர் மேல ஸ்டான்லி. அதோட அப்பா நோட்டு பேப்பர்ல கையால எழுதி இருந்தார், அதை நான் இங்கிலீஷ்ல எழுதி ஸ்கூலுக்கு குடுத்தேன். "மாங்காயை காம்போட பறிக்கணும் கண்ணு, காம்பு ஒடிஞ்சா பால் வடிஞ்சு தோல் கருத்துடும், கருத்த காய்க்கு விலை கிடைக்காது. நம்ம பெங்களூராவை அப்படியே தின்னுறதை விட கூழாக்கி டின்ல அடைச்சு வெளிநாட்டுக்கு அனுப்பறது தான் ஜாஸ்தி. செந்தூராவும் மல்கோவாவும் வீட்டுக்கு, நீ வர்றப்ப தரேன்." எனக்கு கூட அவர் இப்படி ஒரு லெட்டர் எழுதினது இல்ல.

கிருஷ்ணகிரில வருஷா வருஷம் நடக்கற மாங்கனி கண்காட்சிக்கும் கூட்டிகிட்டு போனாங்க, கேஆர்பி டேம்ல மீன் வறுவல் கடை முன்னாடி ஒரு போட்டோ, ஒகேனக்கல்ல அக்கா வீட்டுக்காரங்க லைஃப் ஜாக்கெட் மாட்டிகிட்டு பரிசல்ல போனப்ப ஒண்ணு. பர்கூர் பக்கம் வாத்தியாரா இருக்கற மாமா பையன் மயிலாடும்பாறைக்கு கூட்டிகிட்டு போய் ஒரு பக்கம் எழுதி அனுப்பினான், அங்க தோண்டினப்ப கிடைச்ச இரும்பு கிமு 2172 காலத்துதுன்னு 2022ல சட்டசபைலயே அறிவிச்சாங்க இல்ல, அதாவது 4200 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஆளுங்க இரும்பு பயன்படுத்தி இருக்காங்க. பையன் கிளாஸ்ல இதை படிச்சப்ப டீச்சர் திரும்ப ஒருக்கா படிக்க சொன்னாங்களாம். அதுவரைக்கும் கிளாஸ்ல வாயே திறக்காத பையன் அவன், அன்னிக்கு வீட்டுக்கு வந்து மூச்சு விடாம பேசினான்.

அதுக்கப்புறம் ஒரு நாள் இந்தியன் கடைல மாம்பழ கூழ் டின்னை எடுத்து திருப்பி பாத்துட்டு அம்மா அம்மான்னு கத்தறான், பின்னாடி சின்ன எழுத்துல கிருஷ்ணகிரின்னு போட்டிருக்கு. இத்தனை வருஷமா அந்த அலமாரியை தாண்டி தான் நான் போயிருக்கேன். டின்னை வாங்கி வந்து தாத்தாவுக்கு போன்ல காட்டினான், இது நம்ம தோப்பு காயா தாத்தான்னு கேட்டான், அப்பா டின்னை ரொம்ப நேரம் பாத்துட்டு இருக்கலாம் கண்ணுன்னார்.

இதோட முடிஞ்சிருந்தா நான் இவ்ளோ எழுதி இருக்க மாட்டேன். ஓசூர்ல இருக்கற அக்கா பொண்ணு, நானும் அனுப்பறேன்னு ஒரு காயிதப் பொண்ணு செஞ்சா, பாவாடை சட்டை, ரெட்டை சடை, தலைல ரோஜாப்பூ (ஓசூர் ஆச்சே), பேரு செண்பகம். அது எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்தது டிசம்பர்ல. இப்ப ஊர் சுத்தி காட்ட வேண்டியது நாங்க. என்னத்த காட்டறதுன்னு ரெண்டு பேரும் முழிச்சோம், ஏன்னா எங்களுக்கே ஒண்ணும் தெரியாது. புது நாட்டுல நாம எப்பவும் வந்தவங்க தான், எல்லாத்தையும் அடுத்தவங்களை கேட்டு தான் செய்வோம், செண்பகம் வந்த அன்னிக்கு தான் முதல் முதலா நாங்க இந்த ஊர்க்காரங்களா மாறினோம், இது எங்க ஊரு வா காட்டறேன்னு சொல்ற இடத்துல நின்னோம். இந்த நினைப்பு எனக்குள்ள பெரிய மாத்தம் பண்ணுச்சு, பொய் சொல்லல.

லைப்ரரில கேட்டோம், பக்கத்து வீட்டு அம்மாவை கேட்டோம், அவங்க இத்தாலிலேர்ந்து சின்ன வயசுல வந்தவங்களாம், அதுவரைக்கும் ஹலோவோட சரி, அன்னிக்கு அரை மணி நேரம் நின்னு பேசினாங்க. விக்டோரியா பார்க்ல டிசம்பர்ல மரத்துக்கெல்லாம் லைட் போடுவாங்க, ஐஸ்ல சறுக்கி விளையாட ரிங்க் இருக்கும்னு அவங்க தான் சொன்னாங்க. போனோம், செண்பகத்தை மிட்டன் (குளிருக்கு போடற கையுறை) போட்ட கையில பிடிச்சுகிட்டு பையன் சறுக்கினான், நாலு தடவை விழுந்தான், எழுந்தான். கவெண்ட் கார்டன் மார்க்கெட் போனோம். தேம்ஸ் ஆத்தோரம் பனி மேல அவளை நிக்க வச்சு எடுத்தோம்.

ஆனா முக்கியமானது பேண்டிங் வீடு. ஃப்ரெடெரிக் பேண்டிங்னு ஒரு இளவயசு டாக்டர், 1920ல இங்க லண்டன்ல கிளினிக் வச்சிருந்தார், பேஷன்ட் அதிகமா வரல. அக்டோபர் 31 விடியற்காலை ரெண்டு மணிக்கு தூக்கம் வராம எழுந்து சர்க்கரை வியாதி பத்தி தோணின ஒரு யோசனையை பேப்பர்ல குறிச்சு வச்சார், அதுலேர்ந்து தான் அடுத்த வருஷம் டொரன்டோவுல இன்சுலின் வந்தது, 1923ல நோபல் பரிசும் குடுத்தாங்க. காப்புரிமையை அவரும் கூட இருந்தவங்களும் ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரன்டோ யுனிவர்சிட்டிக்கு எழுதி குடுத்துட்டாங்க, இது எல்லாருக்கும் கிடைக்கணும்னு. அந்த வீடு இப்ப மியூசியம், அவர் படுத்திருந்த ரூமை இப்பவும் பாக்கலாம்.

எங்கம்மா இன்சுலின் போடறவங்க. காலைல ஃப்ரிட்ஜை திறந்து மருந்தை எடுத்து வயித்துல ஊசி குத்திக்கறதை சின்ன வயசுலேர்ந்து பாத்திருக்கேன், அந்த மருந்துக்கு வித்து விழுந்த வீடு எங்க ஊர்ல இருக்குன்னு தெரியாமயே அந்த தெரு வழியா பஸ்ல போயிருக்கேன். வெளிய இருக்கற பேண்டிங் சிலை பக்கத்துல செண்பகத்தை பிடிச்சு போட்டோ எடுத்தப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, பையன் ஏம்மா அழறன்னு கேட்டான், ஆயாவை நல்லா வச்சிருக்கற மனுஷன்டா இவர்னு சொன்னேன்.

போட்டோவை அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "அவருக்கு புள்ளைங்க இருக்காங்களாடி, நல்லா இருக்காங்களா"ன்னு கேட்டாங்க. எங்க மாவட்டத்துல சாமனப்பள்ளில தான் 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை தொடங்கினாங்க, அதுல பிரஷர் சுகர் மாத்திரை வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்கற அம்மா ஒருத்தங்க எங்க வீட்டுக்கும் வர்றாங்க, அவங்க கிட்ட இந்த போட்டோவை காட்டி இருக்காங்க அம்மா. அவங்க தனக்கு ஒரு காப்பி வேணும்னு கேக்க, அப்பா திரும்பவும் அதே ஜெராக்ஸ் கடை, கலர் பிரிண்ட், லேமினேஷன். போற வீட்டுல எல்லாம் சுகர் இருக்கற பெரியவங்களுக்கு காட்டறாங்களாம்.

செண்பகம் அடுத்து சிங்கப்பூர்ல இருக்கற தம்பி கிட்ட போறா, கவர் எழுதி வச்சாச்சு, ஞாயித்துக்கிழமை லீவுல தான் அவனால சுத்தி காட்ட முடியும். அந்த மாத்திரை குடுக்கற அம்மாவோட பொண்ணும் ரெண்டாவது படிக்குதாம், அதுக்கு கனடாலேர்ந்து தனியா ஒரு பொம்மை வேணும்னு கேட்டிருக்கு. எங்க பையன் நேத்து அட்டை வெட்ட ஆரம்பிச்சுட்டான், இந்த தடவை ஸ்நோ ஜாக்கெட் வேணாம்மா, ஊர்ல வெயில், பருத்தி சட்டை தான் வரையப்போறேன்றான்.