காய்ச்சல் விட்ட அன்று

தாதியர் பயிற்சியில் என்னைப் பிள்ளைகள் வாட்டில் போட்டபோது கொழும்பில் தென்மேற்குப் பருவமழை. மழைக்குப் பின்னால் நுளம்பு, நுளம்புக்குப் பின்னால் டெங்கு.

முதல் வாரம் மூச்சு எண்ணுவதிலேயே போனது. எட்டு மாதக் குழந்தைக்கு அரை நிமிடம் எண்ணி, இரண்டால் பெருக்கி 46 என்று எழுதினேன். சிஸ்டர் சிங்களம் கலந்த தமிழில், "முழு நிமிசமும் எண்ணுங்க, அழாத நேரம், சட்டையை உயர்த்தி" என்றார். மறுபடி எண்ணினால் 54. அந்த வயதில் 50ஐத் தொட்டாலே நிமோனியாவை நினைக்க வேண்டும். ஒரு வயது தாண்டினால் 40. என் சோம்பல் அந்தக் குழந்தையைக் கிட்டத்தட்ட 'சும்மா சளி' ஆக்கியிருந்தது.

வயிற்றோட்டம் சீக்கிரம் கைவந்தது. ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைத் தூள் ஒரு பக்கெட். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி கரண்டி கரண்டியாக.

டெங்குதான் என்னை ஏமாற்றியது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஆறு வயதுப் பையனுக்கு ஐந்தாம் நாள் காலை 37 பாகை. "காய்ச்சல் விட்டுருச்சு மிஸ், இன்னைக்கு வீட்டுக்கு விடுவாங்களா?" என்றார் அம்மா. நானும் சிரித்தேன். பிறகு அவன் கையைப் பிடித்தேன், ஜில்லென்று இருந்தது. வயிறு வலி என்று முனகினான். விடிந்ததிலிருந்து சலம் போகவில்லை. பிறஷர் 92/72. இரண்டு எண்களுக்கும் இடைவெளி 20க்கு வந்துவிட்டால், உடம்புக்கு இரத்த ஓட்டம் போதாத அதிர்ச்சி நிலை. சிஸ்டரிடம் ஓடினேன்.

இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசிவது காய்ச்சல் இறங்கும் அந்த 24 முதல் 48 மணிநேரத்தில்தான். சேலைனை மணிக்கு மணி அளந்து ஏற்றினோம். "கூடுதலா ஏத்தக் கூடாதா மிஸ்?" என்று அம்மா கேட்டபோது, கசிந்த நீர் நெஞ்சில் சேர்ந்தால் மூச்சு முட்டும் என்று விளக்கினேன். மாமா வாங்கி வந்த சிவப்புச் சோடாவையும் திருப்பி அனுப்பினேன். சத்தி சிவந்தால் அது சோடாவா இரத்தமா என்று யார் கண்டது? காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். இபுபுரோஃபன் பக்கமே போகவில்லை.

ஒவ்வொரு முறையும் சலத்தை ஜக்கில் பிடித்து அளக்க அம்மாவுக்குப் பழக்கியிருந்தேன். ஆரம்பத்தில் கூச்சப்பட்டார். ஏழாம் நாள் விடியற்காலை, ஜக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாட்டின் நடுவால் வந்தார்.

"முந்நூறு மிஸ், முந்நூறு!"