டெக்சஸில் ஒரு வேப் கார்ட்ரிட்ஜும், இல்லாத கேஸுக்கு ஒரு கடிதமும்

கொலராடோ கடையில் சட்டப்படி பில் போட்டு வாங்கிய கஞ்சா எண்ணெய்தானே என்ற பேச்செல்லாம் டெக்சஸ் எல்லைக்குள் எடுபடாது. என் சித்தப்பா மகன் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் எம்.எஸ். படிக்கிறான். டென்வர் போய்விட்டு 287-ம் நெடுஞ்சாலையில் திரும்பும்போது, வேகமாக வந்ததற்காக வண்டியை நிறுத்திய போலீஸ்காரர் அவன் பையிலிருந்து வேப் கார்ட்ரிட்ஜ் ஒன்றை, அதாவது இழுப்பதற்காகக் கஞ்சா எண்ணெய் அடைத்த சின்னக் குழாயை, எடுத்தார். "சுண்டுவிரல்கூட இல்லண்ணா, அதுலயும் பாதி தீர்ந்துபோச்சு" என்று ஜெயிலிலிருந்து போனில் அழுதான். அதற்கு மேல் நான் அவனைப் பேசவிடவில்லை. அந்த போனில் பேசுவது பதிவாகும். யாருக்காவது இப்படி அழைப்பு வந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

அதுவே கஞ்சா இலையாக இருந்தால், 2 அவுன்ஸ் வரை கிளாஸ் பி மிஸ்டிமீனர், அதாவது சிறுகுற்றம்தான். அதிகபட்சம் 180 நாள் சிறை, 2,000 டாலர் அபராதம். வடித்த எண்ணெய் என்றால் டெக்சஸ் போதைப்பொருள் பட்டியலில் அதைவிடக் கடுமையான பெனால்டி குரூப் 2. ஒரு கிராமுக்குக் கீழே இருந்தாலும் ஸ்டேட் ஜெயில் ஃபெலனி, அதாவது பெருங்குற்றம்: 180 நாள் முதல் 2 வருடம், 10,000 டாலர் வரை அபராதம். ஒரு கிராமைத் தொட்டுவிட்டால் மூன்றாம் நிலை ஃபெலனி, 2 முதல் 10 வருடம். போதைப்பொருளை மட்டும் பிரித்து நிறுக்க மாட்டார்கள், கலந்திருக்கும் எண்ணெயும் சேர்த்துத்தான் எடை. ஆக, அவன் இழுத்துத் தீர்த்த பாதிதான் அவனைக் காப்பாற்றியது!

பெயில் சிக்கலில்லாமல் கிடைத்தது. ஜாமீன் தொகைக்குப் பொறுப்பேற்கும் பாண்ட்ஸ்மேனுக்குக் கொடுத்த பணம் திரும்பி வராது, அவ்வளவுதான்.

வயிற்றெரிச்சல் முதல் வக்கீலிடம். "தீர்ப்பைத் தள்ளிவைக்கும் டெஃபர்டு அட்ஜுடிகேஷன் வாங்கித் தரேன், குற்றத்தை ஒப்புக்கொண்டு ப்ரொபேஷன் முடித்தால் தண்டனையே கிடையாது" என்றார். அமெரிக்கக் குடிமகனுக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் குடியேற்றச் சட்டத்தின் பார்வையில், ஒப்புக்கொண்டு நீதிபதி ஏதாவது கட்டுப்பாடு விதித்துவிட்டாலே அது குற்றத்தீர்ப்பு, அதாவது கன்விக்‌ஷன். போதைப்பொருள் கேஸ் என்றால் நாடு கடத்தலாம். சொந்த உபயோகத்துக்கு 30 கிராம் வரை கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு கேஸுக்கு விலக்கு உண்டு. ஊருக்குப் போய்விட்டு மறுபடி விசா கேட்டு நிற்கும்போது அந்த விலக்கு உதவாது. "இவன் விசாவில் இருக்கிறானே சார்?" என்று கேட்டதற்கு, "அது என் ஏரியா இல்லை" என்றார். எங்கள் ஏரியாவா? குற்றத்தை ஒப்புக்கொண்டால் கட்சிக்காரர் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்று கிரிமினல் வக்கீல் சொல்லியே ஆகவேண்டும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் படில்லா (Padilla) வழக்கில் 2010-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

வக்கீலை மாற்றினோம். புதியவர் ஒரு குடியேற்ற வக்கீலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குற்றப்பத்திரிகை போகும் முன்பே டைவர்ஷன், அதாவது சில நிபந்தனைகளை முடித்தால் கேஸே போடாமல் விடும் ஏற்பாடு, பேசினார். அரசு வக்கீல் தந்த ஒப்பந்தத்தில் "நடந்ததை ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு வரி இருந்தது. அதை அடித்தால்தான் கையெழுத்து என்று எங்கள் வக்கீல் பிடிவாதமாக நின்றார். பேனாவால் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் இரண்டு இனிஷியல். அந்தக் கோட்டுக்குத்தான் நாங்கள் ஃபீஸ் கொடுத்தோம் என்பேன்.

வகுப்பு, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் முடித்தான். கேஸ் முடிந்தது. அதற்குப் பேப்பர் வாங்கத்தான் அலைந்தோம். கவுன்டி கிளார்க் ஜன்னலில், "இங்கே மிஸ்டிமீனர் மட்டும், ஃபெலனிக்கு டிஸ்ட்ரிக்ட் கிளார்க்" என்றார்கள். அங்கே போனால் அந்த அம்மா பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு கேஸே இல்லை" என்றார். இல்லைதான், குற்றப்பத்திரிகையே போகவில்லையே, கேஸ் நம்பர் எங்கிருந்து வரும்? "இல்லை என்பதையே எழுதிக் கொடுங்கள்" என்றதற்கு, "இல்லாததற்கு எப்படி சர்டிஃபிகேட் தருவது?" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். கடைசியில், குற்றச்சாட்டு தொடரப்படவில்லை என்று அரசு வக்கீல் அலுவலகத்திலிருந்தே லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கினோம்.

இன்னொன்று, ரெக்கார்டை அழிக்க எக்ஸ்பங்ஷன் மனு போடும் முன் இந்தக் கடிதத்தை அசலாகவே பல பிரதிகள் வாங்கி வைத்துவிடுங்கள். அழித்த பிறகு கேட்டால் எந்த ஆபீஸிலும் எதுவும் இருக்காது. ஆனால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் டிஎஸ்-160 படிவம் எப்போதாவது கைதானதுண்டா என்று கேட்கத்தான் செய்யும். அதற்கு 'ஆம்' போட்டு, இந்தக் கடிதத்தையும் கையில் கொண்டு போகவேண்டியதுதான்.